தோட்டப் பெயர்களும் கையடக்க வரைபடமும்: கோலசிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் குடியேற்ற அறிக்கைகள், தொழிலாளர் துறை ஆவணங்கள், நாளிதழ்கள், இலக்கியப் படைப்புகள் ஆகியவற்றையே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்கின்றனர். வரைபடமும் ஒரு வரலாற்றுச் சான்றே என்னும் எண்ணம் நம் ஆய்வுகளில் இன்னும் போதிய அளவு வேரூன்றவில்லை. ஒரு நிலத்தை யார் அளந்தார்கள், எதனைக் குறித்தார்கள், எதனைக் குறிக்காமல் விட்டார்கள், குறித்தவற்றுக்கு யாருடைய மொழியில் பெயரிட்டார்கள் என்னும் வினாக்கள் அந்நிலத்தில் வாழ்ந்த மக்களின் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையவை.

அரசின் அளவைத் துறையும் தோட்ட நிறுவனங்களும் மட்டுமே செய்து வந்த வரைபடத் தொழில், 2000-ஆம் ஆண்டுக்குப் பின் தனிமனிதர் கைக்கும் வந்து சேர்ந்தது. ஜி.பி.எஸ். எனப்படும் கையடக்கப் புவியிடங்காட்டியில் ஏற்றுவதற்குரிய நிலத்தோற்ற வரைபடத்தை இன்று எவரும் தாமே உருவாக்கலாம். இக்கட்டுரை, கோலசிலாங்கூர் வட்டாரத்தையும் அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் பரந்துள்ள சிலாங்கூர்த் தோட்டங்களையும் களமாகக் கொண்டு, இம்மாற்றத்தின் வரலாற்றுப் பின்னணியையும் அது தமிழ் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் திறந்துவிடும் வாய்ப்பையும் ஆராய முற்படுகிறது. தோட்டங்கள் கைமாறி அழிந்துவரும் இக்காலத்தில், தோட்டத் தமிழர் வழங்கிய இடப்பெயர்களை அவற்றுக்குரிய இடத்தோடு சேர்த்துப் பதிவுசெய்ய இதுவே தக்க கருவி என்பதும், அதனைக் கவனமின்றிக் கையாண்டால் பிழையான சான்றுகளே மிஞ்சும் என்பதும் நம் கருத்தாகும்.

அளவுகோலும் ஆள்களும்

மலாயாவின் நிலத்தோற்ற வரைபடங்களுக்கும் தமிழகத்துக்கும் உள்ள ஒரு தொடர்பினை முதலில் சுட்டுதல் பொருந்தும். உருண்டையான புவியைத் தட்டையான தாளில் வரைவதற்குப் புவியின் வடிவத்தைக் கணிதமுறையில் வரையறுத்தல் வேண்டும். தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் அனைத்துக்கும் அடிப்படையாக இருந்தது எவரெஸ்ட் நீள்கோளத்தின் திருத்திய வடிவமாகும். அந்நீள்கோளம் இந்தியப் பெருமுக்கோண அளவையின் விளைவு. அவ்வளவையை வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கினார். பின்னர், தென்முனைப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி அளக்கப்பட்ட நெடுங்கோட்டின் முடிவுகளைக் கொண்டு, ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் புவியின் அளவுகளைக் கணித்தார்.

சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுவருவதற்கென 1907-இல் குடியேற்ற நிதியம் ஏற்படுத்தப்பட்டது. இந்திய அரசு 1938-இல் உதவிபெறும் குடியேற்றத்தை நிறுத்தும் வரை அவ்வரவு ஏற்ற இறக்கங்களுடன் தொடர்ந்தது. ஆக, மலாயாவின் தோட்ட நிலத்தைத் திருத்திய கைகளும் அந்நிலத்தைத் தாளில் பதித்த அளவுகோலும் ஒரே மாகாணத்தோடு தொடர்புடையனவாக இருந்தன. ஆனால், அளவுகோல் தாளில் இடம்பெற்ற அளவுக்கு அம்மக்கள் வழங்கிய பெயர்கள் இடம்பெறவில்லை.

1948-ஆம் ஆண்டினைச் சார்ந்த 'கெர்தாவ்' அடிப்படைத் தளம், பகாங் மாநிலத்திலுள்ள கெர்தாவ் என்னும் இடத்தை மூலப்புள்ளியாகக் கொண்டது. அதன்மீதே ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்கிலமைந்த 1:63,360 அளவு வரைபட வரிசையும், பின்னர் 1:50,000 அளவு வரிசையும் வெளிவந்தன. இவை நாட்டின் பாதுகாப்பு நோக்கில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட ஆவணங்களாக வகைப்படுத்தப்பட்டமையால், அனுமதி பெற்றே பெறக்கூடியவையாக இருந்தன. தோட்டத் தொழிலாளியோ தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ தம் ஊர் இடம்பெற்ற தாளைக் கண்ணால் காண்பது அரிதாயிற்று.

தென்னமரம் தரும் சான்று

இவ்வட்டாரத் தோட்டப் பெயர்களை நோக்கினால் மூன்று அடுக்குகளைக் காணலாம். முதலாவது, ஆறு, குன்று, மரம் முதலியவற்றைச் சுட்டும் மலாய்ப் பெயர்கள்: புக்கிட் ரோத்தான், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் போன்றவை. இரண்டாவது, நிறுவனத்தாரும் துரைமாரும் இட்ட ஆங்கிலப் பெயர்கள்: மேரி, நைஜல் கார்ட்னர், ரிவர்சைட், கோல்ஃபீல்ட்ஸ் போன்றவை. மூன்றாவது, தொழிலாளர் தம் வாய்மொழியில் வழங்கியவை. இம்மூன்றாம் அடுக்கு அச்சிட்ட வரைபடத்தில் ஏறியது மிக அரிது.

அவ்வாறு ஏறிய ஒரு பெயர் உண்டு. முன்னர் பத்தாங் பெர்ஜுந்தாய் என வழங்கி, 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர்மாற்றம் பெற்ற ஊரையடுத்து அமைந்தது தென்னமரம் தோட்டம். மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிர் 1917-இல் இத்தோட்டத்தில்தான் நடப்பட்டது. வெற்றி பெறாத காப்பிப் பயிருக்கு மாற்றாக அதனை நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகொன்னியே. சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டத்தொழில் தொடங்கிய இவரே, மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு எழுதிய 'மலேசி' என்னும் நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசினைப் பெற்றவர்.

நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய செம்பனையின் முதல் வணிகத் தோட்டம் தமிழில் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்பது சிந்திக்கத்தக்கது. காப்பி போயிற்று, செம்பனை வந்தது, உரிமையாளர் மாறினர்; பெயர் மட்டும் மாறவில்லை. தமிழறியாத ஒருவருக்கு உரோம எழுத்திலுள்ள அப்பெயர் பொருளற்ற ஓர் ஒலிக்கூட்டமாகவே தோன்றும். தமிழறிந்தவருக்கோ அது, அந்நிலத்தில் முன்பு நின்ற மரத்தையும், அதனைச் சுட்டிப் பெயர் சொன்ன மக்களின் பேச்சுவழக்கையும் ஒருசேரக் காட்டும் ஆவணமாகிறது. 'தென்னைமரம்' என்னும் எழுத்து வழக்கு பதிவாகாமல், 'தென்னமரம்' என்னும் பேச்சு வழக்கே பதிவானது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. இத்தகைய பெயர்கள் இன்னும் எத்தனை தாளேறாமல் போயின என்னும் வினாவே இவ்வாய்வின் தொடக்கமாகும்.

தாளில் இடம்பெறாத தோட்டம்

1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டராகும். ஒரு லயம் முழுவதும் அதில் ஒரு சிறு கோடளவே இடம்பெறும். தோட்டத்தின் பெயர், முதன்மைச் சாலை, பயிர்வகைக் குறியீடு, சில கட்டடங்கள் ஆகியவற்றுக்கு மேல் அத்தாளில் இடமில்லை.

தொழிலாளரின் மனத்திலிருந்த வரைபடமோ வேறு. தோட்டத் தமிழரிடையே மேட்டு லயம், பள்ளத்து லயம், புதுக்காடு, பழைய ஆலை, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை மேடு, முனீஸ்வரர் மரம் என்றாற்போன்ற பெயர்கள் பரவலாக வழங்கின. மைலைக் 'கட்டை' என்று சொல்லித் தொலைவைக் கொண்டே ஊரைச் சுட்டும் வழக்கமும் இருந்தது. வேலைக்காட்டைத் 'தீம்பார்' என்றும், இரப்பர்த் தோட்டத்தைக் 'கித்தாக் காடு' என்றும் வழங்கிய மக்கள், ஒவ்வொரு தீம்பாருக்கும் தமக்குள் ஓர் அடையாளப் பெயர் வைத்திருந்தனர். நிருவாகத்தின் பதிவேட்டில் அதே தீம்பார் நடவாண்டும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடாக மட்டுமே இருந்தது.

இம்மனவரைபடம் பல முறை குலைக்கப்பட்டது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், சிதறிக் கிடந்த தோட்டக் குடியிருப்புகள் பாதுகாப்பு வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. அதனால், அக்காலத்துக்கு முந்திய லயங்களின் இடமும் பிந்திய லயங்களின் இடமும் பல தோட்டங்களில் ஒன்றல்ல. அடுத்து நிகழ்ந்தது தோட்டத் துண்டாடல். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்த உங்கு அசிஸின் நூல் 1962-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் இந்நெருக்கடியின் விளைவாகவே. இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது காடுகளின் எல்லைகளும் உட்சாலைகளும் மறுபடியும் மாறின. அண்மைக் காலத்தில் வீடமைப்புத் திட்டங்களும், 2011-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் - கோலசிலாங்கூர் விரைவுச்சாலை போன்ற கட்டமைப்புகளும் எஞ்சிய தோட்ட நிலத்தை ஊடறுத்தன. பெஸ்தாரி ஜெயாவைச் சூழ்ந்த மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் வீட்டுரிமை கோரி நெடுங்காலம் போராடியதும் நாம் அறிந்ததே.

குடியிருப்பு இடிபட்ட பின்னும் பெயர் சில காலம் வாயில் வாழும். அதனைச் சொல்ல வல்ல முதியவர் மறைந்தபின் பெயர் இருந்தாலும் இடம் தெரியாது. இடம் இருந்தாலும் பெயர் தெரியாது.

கையடக்கக் கருவியின் வரவு

புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குரிய பகுதியை அமெரிக்க அரசு முன்னர் வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. அதனால் நூறு மீட்டர் வரை பிழை நேரக்கூடிய நிலை இருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அதன்பின், திறந்த வெளியில் ஏறத்தாழ பத்து மீட்டர் அளவுக்குள் இடத்தைக் காட்டும் கருவி சாதாரண மக்களின் கைக்கெட்டியது. ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் இடையிலான தொலைவை வேறுபடுத்திக் காட்ட இத்துல்லியம் போதுமானது.

கருவி வந்தது, அதில் ஏற்ற வரைபடம் இல்லை. கார்மின் போன்ற நிறுவனங்களின் கருவிகள் தமக்கே உரிய மூடிய வடிவிலமைந்த கோப்புகளையே ஏற்றன. ஆர்வலர்கள் பல நாடுகளில் அவ்வடிவத்தைத் தாமே ஆராய்ந்து புரிந்துகொண்டு, அதற்கு மாற்றித்தரும் மென்பொருள்களை எழுதினர். 'சிஜிபிஎஸ்மேப்பர்', 'எம்கேஜிமேப்' ஆகியன அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. நம் வட்டாரத்தில் 2000-களில் இயங்கிய 'மால்சிங்மேப்ஸ்' என்னும் தன்னார்வக் குழு, மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய நாடுகளுக்குரிய வரைபடங்களை உறுப்பினர் அனுப்பிய தடங்களைக் கொண்டு உருவாக்கி இலவசமாக வழங்கியது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' திட்டமோ உலகம் முழுமைக்குமான திறந்த வரைபடத் தரவுக் களமாக வளர்ந்தது.

செய்முறை எளிதே. கருவியுடன் தீம்பார்ச் சாலையில் நடந்தால் அது தடத்தைப் பதிவு செய்யும். கோயில், பள்ளி, பழைய கிணறு முதலிய இடங்களில் நின்று குறியிடங்களைப் பதியலாம். இவற்றைக் கணினியில் ஏற்றி, சாலை, வாய்க்கால், கட்டடம் என வகைப்படுத்தி வரைந்து பெயரிட்டு, மாற்று மென்பொருளால் கருவிக்குரிய கோப்பாக்க வேண்டும். கார்மின் கோப்பு, புவியின் 360 பாகையை 1,67,77,216 கூறுகளாகப் பகுத்து இடங்களைக் குறிக்கிறது. நிலநடுக்கோட்டருகே ஒரு கூறு ஏறத்தாழ 2.4 மீட்டர். தோட்ட ஆய்வின் தேவைக்கு இந்நுட்பம் தாராளமாகப் போதும்.

எச்சரிக்கை வேண்டும் மூன்று இடங்கள்

முதலாவது, அடிப்படைத் தளச் சிக்கல். புவியிடங்காட்டி உலகப் பொதுத்தளமாகிய டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐப் பின்பற்றுகிறது. பழைய வரைபடங்களோ கெர்தாவ் தளத்தைச் சார்ந்தவை. பழைய தாளிலிருந்து படித்தெடுத்த அட்சரேகை, தீர்க்கரேகைகளை உரிய மாற்றமின்றிக் கருவியில் இட்டால், இவ்வட்டாரத்தில் இடம் நூறு மீட்டருக்கும் மேலாக விலகி நிற்கும். கோயில் ஒன்று அடுத்த தோட்டத்துக்கோ வாய்க்காலின் மறுகரைக்கோ போய்விடும். மலேசியா 2003-இல் ஜி.டி.எம். 2000 என்னும் புதிய தளத்தை அறிமுகப்படுத்தியபின் வந்த வரைபடங்களில் இச்சிக்கல் இல்லையெனினும், தோட்ட வரலாற்றுக்கு வேண்டிய தாள்கள் அதற்கு முந்தியவையே.

இரண்டாவது, உயரக் கோடுகள். ஆர்வலர் உருவாக்கும் நிலத்தோற்ற வரைபடங்களின் சமவுயரக் கோடுகள் பெரும்பாலும், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார்வழி எடுத்த உயரத் தரவிலிருந்து பெறப்படுபவை. அந்த ரேடார் அடர்ந்த பயிர் நிற்கும் இடத்தில் தரையைத் தொடாமல் மரத்தலைக்கு அருகிலிருந்தே பெரிதும் எதிரொலித்தது. உலு சிலாங்கூரின் மலைச்சரிவுகளில் இப்பிழை பொருட்டன்று. ஆனால், கோலசிலாங்கூரின் கடலோரச் சமவெளியில், முதிர்ந்த செம்பனைக் காடு ஒரு மேடாகவும், அருகே மறுநடவுக்காக வெட்டப்பட்ட காடு ஒரு பள்ளமாகவும் தோன்றக்கூடும். 'மேட்டு லயம்' என்னும் பெயருக்குப் பொருள் தேடுவோர் இக்கோட்டை நம்பினால் இல்லாத மேட்டைக் கண்டுபிடிப்பர். புக்கிட் மெலாவத்தி போன்ற உண்மையான குன்றுகள் சிலவே உள்ள இந்நிலத்தில், தரையைப் பிரித்துக்காட்டுபவை வாய்க்கால்களும் கரைகளும் பாலங்களுமே. எந்தப் பாலம் எந்த லயத்தைப் பள்ளியோடு இணைத்தது என்பதை நடந்தே அறிதல் வேண்டும்.

மூன்றாவது, எழுத்துச் சிக்கல். தமிழாசிரியர் தனிக்கவனம் கொள்ள வேண்டியது இதுவே. பழைய கருவிகளின் எளிய பெயர்முறை, உரோமப் பெரிய எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்றது. அதில் லகர ளகர ழகர வேறுபாடு இல்லை. குறில் நெடில் வேறுபாடும் இல்லை. எடுத்துக்காட்டாக, 'கள்ளுமேடு' என்பதும் 'கல்லுமேடு' என்பதும் அதில் ஒன்றாகிவிடும். ஒன்று, தோட்டச் சமூக வாழ்வைப் பெரிதும் பாதித்த கள்ளுக்கடையின் நினைவு. மற்றொன்று, நிலத்தின் இயல்பு. ஓர் எழுத்தின் மயக்கத்தால் சமூக வரலாறு நிலவியலாக மாறிவிடும். 'தென்னமரம்' தப்பியது, அப்பெயரைத் தமிழர் எவரும் வேறாகப் படிக்க வாய்ப்பில்லாமையால்தான். எல்லாப் பெயர்களுக்கும் அந்நற்பேறு வாய்க்காது.

இதற்குத் தீர்வு உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓர் இடத்துக்குப் பொதுப்பெயர், மொழிவாரிப் பெயர், பழைய பெயர், மாற்றுப்பெயர் எனத் தனித்தனிப் புலங்கள் உள்ளன. தமிழ்ப் பெயரை ஒருங்குறித் தமிழெழுத்திலேயே அதற்குரிய புலத்தில் இடலாம். கருவிக்கான கோப்பை உருவாக்கும்போது தேவையானால் உரோம வடிவைத் தனியே பெறலாம். கையிலுள்ள கருவி தமிழைக் காட்ட இயலாதெனினும், மூலத் தரவு தமிழில் நிற்கும். கருவிகள் சில ஆண்டுகளில் பழுதாகும். மூலத் தரவே வரலாற்றுக்குச் சான்று.

ஆய்வுத்துறையும் பள்ளியும் செய்யத்தக்கவை

இத்தகைய பதிவில் ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து: தமிழெழுத்தில் பேச்சு வடிவம் மாறாத பெயர், அதே இடத்தின் அரசுப் பெயரும் நிறுவனப் பெயரும், இடத்தின் ஆயங்களும் அவை சார்ந்த தளமும், பதிவுசெய்த நாள், பெயரைச் சொன்னவர் எந்தக் காலப்பகுதியில் அங்கு வாழ்ந்தவர் என்னும் குறிப்பு. இறுதிக் குறிப்பு இல்லையேல், அவசரகாலத்துக்கு முந்திய லயத்தையும் பிந்திய லயத்தையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை நேரும். ஒரே இடத்துக்கு இருவர் இரு பெயர் சொன்னால் ஒன்றைத் தள்ளாது இரண்டையும் பதிதல் வேண்டும். ஒரே தோட்டத்தில் வெவ்வேறு லயத்தார் வெவ்வேறு பெயர் வழங்கியிருத்தல் இயல்பே.

பேச்சு வடிவத்தைத் திருத்தி எழுதும் ஆசையையும் நாம் அடக்கிக்கொள்ள வேண்டும். தமிழாசிரியருக்கு இது எளிதன்று. 'பெரட்டு' என்பதனை வேறு நற்றமிழ்ச் சொல்லாக மாற்றிப் பதிந்தால் அச்சொல்லோடு வந்த வரலாறும் போய்விடும். விளக்கத்தைத் தனியே எழுதலாம். பெயரைத் தொடுதல் ஆகாது.

தோட்டம் தனியார் நிலமாகையால் நுழைவுக்கு நிருவாகத்தின் இசைவு தேவை. இடுகாடு, குலதெய்வ வழிபாட்டிடம் ஆகியவற்றைப் பொதுத்தரவில் வெளியிடுமுன் அவற்றோடு தொடர்புடைய குடும்பத்தாரின் ஒப்புதல் பெறுதல் நேரிய முறையாகும். மேலும், கையடக்கக் கருவியால் பெற்ற வரைபடம் நில உரிமைக்குச் சட்டச் சான்றாகாது. எல்லையை வரையறுக்கும் உரிமை முறையான நில அளவையாளருக்கே உண்டு. எனினும், இன்ன நாளில் இன்ன இடத்தில் ஒரு கோயிலோ பள்ளியோ குடியிருப்போ இருந்தது என்பதற்கு நாளிட்ட பதிவு வரலாற்று ஆய்வில் மதிப்புடையதே. இடம்பெயர்ந்த தோட்டப் பள்ளிகள் பல இன்றும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்குகின்றன. அவை முதலில் நின்ற இடத்தை அப்பள்ளி மாணவரே அறியாதிருக்கும் நிலையில், பாட்டி தாத்தாவிடம் கேட்டு அவ்விடத்தைக் குறித்து வருதல் உள்ளூர் வரலாற்றுப் பாடத்துக்கு மிகப் பொருத்தமான செயற்பாடாகும். இன்று திறன்பேசியே புவியிடங்காட்டியாகவும் செயல்படுவதால் தனிக்கருவி வாங்கும் செலவும் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரைபட வரலாறு அளவையாளர், நிருவாகத்தார், படையினர் ஆகியோரின் தேவைகளுக்கேற்ப எழுதப்பட்டது என்பது தெளிவாகும். அவ்வரைபடங்கள் தம் நோக்கத்தைச் செவ்வனே நிறைவேற்றின. தொழிலாளரின் பெயர்களைப் பதிவது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. அப்பணி நம்முடையது. ஒரு தலைமுறைக்கு முன்பு அதற்கான கருவி நம்மிடம் இல்லை என்று சொல்ல இயன்றது. இன்று கருவியும் மென்பொருளும் திறந்த தரவுக் களமும் உள்ளன. குறைந்து வருவது, 'இங்கேதான் மேட்டு லயம் இருந்தது' என்று கைநீட்டிக் காட்டக்கூடிய முதியோரின் எண்ணிக்கையே. கோலசிலாங்கூர் வட்டாரப் பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் இப்பணியைக் கூட்டாக மேற்கொள்ளுமாயின், தென்னமரம் என்னும் ஒற்றைப் பெயர் நூறாண்டுக்கு மேலாகத் தனித்து நிற்கும் வரைபடத்தில் அதன் உறவினர் பலரும் தமக்குரிய இடத்தில் வந்து சேர்வர்.